யார் ஊதிய கண்ணாடி?

கிறிஸ்துமஸ் மரத்துத் தொங்கல்களைச் சேகரிப்பவர்கள் தங்கள் ஈடுபாட்டுக்குச் சொல்லும் முதல் நியாயம், மரபைக் காக்கிறோம் என்பது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இதற்கென்றே சங்கங்களும் ஏலங்களும் விலைக் கையேடுகளும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. ஒரு கண்ணாடிக் குண்டோ அட்டையில் செய்த சிறு கப்பலோ கைமாறும்போது அதனுடன் ஒரு கதையும் கைமாறுகிறது. இது இன்ன நாட்டு வழக்கம், இத்தனை தலைமுறைப் பழமை, இதை மரத்தில் மாட்டினால் வீட்டுக்கு இன்ன நன்மை என்று அந்தக் கதை போகும். வாங்குபவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான். ஆகவே பொருளை மட்டும் மதிப்பிட்டு இந்த ஈடுபாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. கதையையும் தட்டில் வைத்தாக வேண்டும்.

எந்த அளவுகோலால் நிறுப்பது? பழமை, அழகு, அரிது என்ற மூன்றையும் சந்தையே நுணுக்கமாக அளந்து விலை வைத்துவிடுகிறது. சந்தை அளக்காத ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சேகரிப்பும் அதைச் சூழ்ந்த கதையும் அந்தப் பொருளைச் செய்த கையையும் அது தொங்கிய வீட்டையும் நமக்குக் காட்டுகின்றனவா, மறைக்கின்றனவா? மரபு என்ற பெருஞ்சொல்லைப் பயன்படுத்துபவர்களிடம் இதைக் கேட்பது நியாயமான கேள்விதான். மரபு என்பது மனிதர்கள் மனிதர்களுக்குக் கையளித்தது. கையளித்தவர் யார் என்றே தெரியாமல் போனால் மிஞ்சுவது சரக்கு மட்டும்.

முதலில் ஒரு பொதுவான நம்பிக்கையைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. சேகரிப்பு என்பது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறுவிதமாக இருக்கிறது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பற்றிய ஒரு குறிப்பு, அங்குள்ளவர்கள் கூடத்தில் ஃபிர் மரங்களை நிறுத்தி, வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், பொன்தாள், இனிப்புகள் ஆகியவற்றை மாட்டியதைச் சொல்கிறது. டிசம்பர் 24 அன்று ஆதாம் ஏவாள் நாளும் கொண்டாடப்பட்டது. ஏதேன் தோட்டத்து மரமாக நின்றதில் ஆப்பிள் தொங்கியது இயல்பே. கவனிக்க வேண்டியது, அந்த மரத்தில் பெரும்பாலானவை தின்னக்கூடியவை. ஸ்வீடனில் இன்றும் ஜனவரி 13 அன்று, புனித குனூட் நாளில், பிள்ளைகள் மரத்தைச் சூறையாடி இனிப்புகளைத் தின்று மரத்தை வெளியே எறிகிறார்கள். மாட்டுவது, தின்பது, தீர்ப்பது, அடுத்த ஆண்டு புதிதாகச் செய்வது என்பதுதான் பழைய ஒழுங்கு. அதில் சேர்த்துவைக்க எதுவும் மிஞ்சாது. வைக்கோல் நட்சத்திரமும் காகிதப் பூவும்கூட ஓரிரு குளிர்காலங்களில் நைந்துபோகும்.

சேர்த்துவைக்கும் பழக்கம் கண்ணாடியோடு வந்தது, அதாவது 19ஆம் நூற்றாண்டில். ஆங்கிலம் பேசும் நாடுகளில் மரமே ஏறக்குறைய அப்போதுதான் பரவியது. 1848 டிசம்பரில் லண்டனின் படப் பத்திரிகை ஒன்று விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் பிள்ளைகளுடன் மரத்தைச் சுற்றி நிற்கும் சித்திரத்தை வெளியிட்டது. 1850இல் அமெரிக்காவின் கோடிஸ் லேடிஸ் புக் அதே சித்திரத்தை எடுத்து, அரசியின் தலைமுடியில் இருந்த மணிமுடியையும் இளவரசரின் மீசையையும் நீக்கி, ஓர் அமெரிக்கக் குடும்பமாக மாற்றி அச்சிட்டது. பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம் என்று அந்நாட்டு வீடுகள் பல நம்பும் ஒன்றுக்கு அச்சு இயந்திரம் இவ்வளவு பக்கத்தில் நிற்கிறது. இதனால் வழக்கத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. நூற்றைம்பது ஆண்டுகளும் ஒரு குடும்பத்துக்கு நீண்ட காலம்தான். ஆனால் சேகரிப்பவர் தன்னை ஆதி மரபின் காவலராகக் கருதிக்கொள்ள இடமில்லை. அவர் காப்பது ஒரு தொழில்யுகப் பொருளை. அதைத் தொழில்யுகப் பொருளாகவே நேர்மையாகப் பார்க்கத் தொடங்கினால் உண்மையில் செய்தி பெருகுகிறது.

அந்தச் செய்தியின் ஊற்று லவுஷா. ஜெர்மனியின் தூரிங்கியா மலைக்காட்டில் இருக்கும் இந்தச் சிற்றூரில் 1597இல் ஹான்ஸ் கிரைனரும் கிறிஸ்டோஃப் முல்லரும் கண்ணாடி உலை அமைத்தார்கள். விறகும் மணலும் அருகிலேயே கிடைத்தன. குடிக்கும் கோப்பைகள், மருந்துக் குப்பிகள், பிறகு மணிகள், பொம்மைகளுக்குக் கண்கள் என்று தொழில் கிளைத்தது. 1835இல் லுட்விக் முல்லர்-ஊரி மனிதருக்குப் பொருத்தும் கண்ணாடிக் கண்ணையும் அங்கேதான் செய்தார். இவ்வளவு நுட்பம் கைவந்த ஊரில் மரத்துக்கான கண்ணாடிக் குண்டு பிறந்ததில் வியப்பில்லை. 1848இல் ஒரு கண்ணாடி ஊதுபவரின் கணக்குப் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் குண்டுகளுக்கான ஆறு டஜன் ஆர்டர் பதிவாகியிருக்கிறது. கைக்கு அகப்படும் சான்று அது.

ஆனால் சேகரிப்பாளர்களிடையே உலவுவது அந்தக் கணக்குப் புத்தகம் இல்லை, ஒரு கதை. 1847இல் ஏழைக் கண்ணாடித் தொழிலாளி ஒருவர், மரத்தில் மாட்ட ஆப்பிளும் கொட்டைகளும் வாங்கக் காசில்லாததால், பிள்ளைகளுக்காக அவற்றைக் கண்ணாடியிலேயே ஊதிக் கொடுத்தார் என்பது அந்தக் கதை. 1597இல் உலை கட்டிய ஹான்ஸ் கிரைனரின் பெயரையே 1847இன் ஏழைக்கும் சூட்டிப் பல விற்பனைக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. ஒரே பெயரில் வழித்தோன்றல் ஒருவர் இருந்திருக்கலாம். எனினும் இருநூற்றைம்பது ஆண்டு இடைவெளியைப் பற்றிப் பல குறிப்புகள் கவலைப்படுவதே இல்லை.

பெயர்க் குழப்பத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கதை வறுமையை எங்கே வைக்கிறது என்பது. கண்டுபிடிப்புக்கு முன்னால் வறுமை, கண்டுபிடிப்புக்குப் பின்னால் உலகப் புகழ் என்று அது முடிகிறது. நடந்தது அப்படியில்லை. புகழ் வந்த பிறகும் வறுமை வீட்டைவிட்டுப் போகவில்லை. 1867இல் லவுஷாவில் எரிவாயு நிலையம் அமைந்தது. சுடரின் வெப்பத்தை விருப்பப்படி ஏற்றி இறக்க முடிந்ததால் முட்டையோட்டைப் போன்ற மெல்லிய சுவருடைய பெரிய குண்டுகளை ஊத முடிந்தது. வீடே பட்டறையானது. அப்பா சுடரின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயைக் காய்ச்சி, வெறுமனே காற்றிலோ இரண்டு பாதியாகப் பிரியும் அச்சுக்குள்ளோ ஊதுவார். அம்மா உள்ளே ரசம் ஊற்றிக் குலுக்குவார். தொடக்கத்தில் ஈயம் கலந்த உலோகக் கலவையையும், பின்னர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற வேதியியலாளரின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த வெள்ளி நைட்ரேட் ரசத்தையும் பயன்படுத்தினார்கள். சாயத்தில் முக்கிக் காயவைப்பதும், தூரிகையால் இலையும் கண்ணும் தீட்டுவதும், கழுத்தை அறுத்து மூடி போடுவதும், பெட்டியில் அடுக்குவதும் பிள்ளைகள் உட்பட எல்லோரின் வேலை. பிறகு பெண்கள் அந்த உடையும் சரக்கை முதுகுக் கூடையில் சுமந்து சோனெபெர்க் நகரத்து மொத்த வணிகர்களிடம் கொண்டுபோனார்கள். விலையை வணிகர் சொன்னார். ஊதியவர் கேட்டுக்கொண்டார்.

கடல் கடந்து அந்தச் சரக்குக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் கடை வைத்திருந்த எஃப். டபிள்யூ. உல்வொர்த், 1880ஆம் ஆண்டளவில் ஃபிலடெல்ஃபியா இறக்குமதியாளர் ஒருவரின் வற்புறுத்தலால் இருபத்தைந்து டாலர் மதிப்புள்ள கண்ணாடிக் குண்டுகளை அரைமனதாக வாங்கினார். உடையும் பொருளை யார் வாங்குவார்கள் என்பது அவர் தயக்கம். இரண்டே நாளில் தீர்ந்துபோனது. 1890களில் அவரே ஜெர்மனிக்குப் போய் வாங்கிக் குவிக்கும் பெருவணிகராகிவிட்டார். ஐந்து காசு, பத்துக் காசு விலைக்கு அவர் விற்ற குண்டின் மலிவு எங்கிருந்து வந்தது என்பதை, இரவு முழுவதும் சாயம் தீட்டிய பிள்ளையின் கூலியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏழைத் தந்தையின் கதை இதைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. அது மனத்தை இளக்கும் கதை, பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதை. ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரே ஓர் ஏழைக் கிறிஸ்துமசைக் காட்டி, ஓர் ஊரின் பல தலைமுறை உழைப்பை அது மூடிவிடுகிறது. என் அளவுகோலில் இந்தக் கதை தேறவில்லை. பொருள் தேறுகிறது. 1900ஆம் ஆண்டளவில் லவுஷாவில் ஊதிய ஒரு பறவையைக் கையில் வைத்துப் பார்த்தால், வாலில் செருகிய கண்ணாடி இழையும் அச்சுத் தையலின் மேல் தூரிகை தடுமாறிய இடமும் அதைச் செய்த வீட்டைச் சொல்லும்.

அடுத்தது வெள்ளரிக்காய். அமெரிக்க வீடுகள் பலவற்றில் ஊறவைத்த வெள்ளரியின் வடிவில் ஒரு பச்சைக் கண்ணாடித் தொங்கலை மரத்தின் கிளைகளுக்குள் ஒளித்துவைப்பார்கள். கிறிஸ்துமஸ் காலையில் அதை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கூடுதல் பரிசு. பெட்டியோடு வரும் அட்டை இதைப் பழைய ஜெர்மன் வழக்கம் என்கிறது. ஜெர்மானியரிடம் கேட்டால் விழிக்கிறார்கள். 2016இல் யூகவ் நிறுவனம் அந்நாட்டில் எடுத்த கருத்துக்கணிப்பில் 91 விழுக்காட்டினர் இப்படியொரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. கணக்கெடுப்பு இல்லாமலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் புனித நிக்கோலாஸ் வருவது டிசம்பர் 5 இரவில். கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரிப்பது 24ஆம் தேதி மாலையில். கிறிஸ்துமஸ் காலையில் மரத்தடியில் ஓடிப்போய்த் தேடும் பிள்ளை அமெரிக்கப் பிள்ளை. வழக்கத்தின் நேரமே அதன் ஊரைக் காட்டிக்கொடுக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்டுப் பசியால் சாகக் கிடந்த பவேரிய வீரர் ஒருவரை ஓர் ஊறுகாய் வெள்ளரி பிழைக்கவைத்தது என்று ஒரு கதையும், ஊறுகாய்ப் பீப்பாயில் அடைபட்ட சிறுவர்களைப் புனித நிக்கோலாஸ் மீட்டார் என்று இன்னொரு கதையும் இதற்கு வேராகச் சொல்லப்படுகின்றன. இரண்டுமே வழக்கத்துக்குப் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை போலிருக்கின்றன. 1890களிலிருந்து ஜெர்மனியின் கண்ணாடிப் பழங்களும் காய்களும் அமெரிக்கக் கடைகளில் குவிந்தபோது, அவற்றில் ஒன்றை விற்க யாரோ கட்டிய கதை என்று கொள்வதே பொருந்தும். மிச்சிகனின் பெரியன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் இதை வைத்து ஊர்வலமே நடத்தியது. இப்போது ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளிலும் இந்த வெள்ளரி விற்கிறது. வாங்கும் ஜெர்மானியர் சிலர் தம் பாட்டிமாரின் வழக்கமென்றே நம்பத் தொடங்கலாம்.

இதைப் பொய்யென்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கக் கூடாது என்பேன். மூன்று நான்கு தலைமுறையாக வீட்டில் விளையாடிவரும் விளையாட்டு உண்மையான வழக்கமே. அதைக் கட்டியவர் வணிகர் என்பதால் அந்தப் பிள்ளைகளின் மகிழ்ச்சி போலியாகிவிடாது. பிழை பிறப்புச் சான்றிதழில் மட்டும் இருக்கிறது. அமெரிக்க வழக்கம் என்று அட்டையில் அச்சிட்டால் அந்த வெள்ளரி தன் சொந்தக் காலில் நிற்கும். பழமையைக் கடன் வாங்கியதால்தான் அது சாய்கிறது. அந்தக் கடனுக்காகச் சில டாலர் கூடுதலாகக் கொடுக்கும் சேகரிப்பாளர் மரபைக் காக்கவில்லை, ஒரு விளம்பர வாசகத்தைக் காக்கிறார். மணமகளுக்குப் பரிசளிக்கும் பன்னிரண்டு தொங்கல்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தேவதை, வீடு, மீன், முயல், தேநீர்க்கெண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் அட்டையில் அச்சிட்டு வரும். பொருள் ஒரே பெட்டியில் பட்டியலாக அச்சாகி வருகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை குறைகிறது. நாட்டார் வழக்கில் பொருள் ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடு முரண்படும்.

அப்படி முரண்பட்டு வாழும் வழக்கத்துக்கு உக்ரைனிலும் போலந்திலும் சான்று இருக்கிறது. கம்பு வைக்கோலைக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடும் சிலந்தி வடிவங்களை அங்கே வீட்டுப் பெண்கள் கையால் செய்தார்கள். மரத்தில் சிலந்தி வலை பின்ன, அது காலை ஒளியில் வெள்ளியாக மாறியது என்ற கதையும் உக்ரைனில் உண்டு. அதைச் சொல்லித்தான் இன்று சிலந்தித் தொங்கலும் ஜிகினா இழையும் விற்கின்றன. ஜிகினாவுக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அழகாகக் கனத்துத் தொங்க வேண்டும் என்பதற்காக அது ஈயத்தில் செய்யப்பட்டது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முடிவுக்கு வந்து 1972இல்தான் அது நின்றது. பழைய ஈய ஜிகினாவைச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதை மரத்தில் மாட்டவே கூடாது.

கைவினையா, இயந்திரமா என்ற வழக்கும் நினைப்பது போல எளிதில் தீராது. கையால் ஊதியது உயர்வு, இயந்திரத்தில் வந்தது தாழ்வு என்பது சேகரிப்பாளர் பலரின் முடிவு. ஷைனி பிரைட் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற குண்டுகளைப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்துவந்த மேக்ஸ் எக்கார்ட், போர் வரப்போவதை உணர்ந்து, கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை இத்தொழிலுக்குள் இழுத்துவந்தார். மின்விளக்குக் குமிழ்களைச் செய்யும் அவர்களது ரிப்பன் இயந்திரம் கிறிஸ்துமஸ் குண்டுகளை உமிழத் தொடங்கியது. 1939 டிசம்பரில் 2,35,000 குண்டுகள் உல்வொர்த் கடைகளுக்குப் போயின. 1940இல் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று லட்சம். லவுஷாவின் ஒரு குடும்பம் எத்தனை ஆண்டு ஊதினால் இந்த ஒரு நாளை எட்டும் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் இந்த இயந்திரக் குண்டுகளின் போர்க்கால வடிவத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். உலோகம் போருக்குப் போனது. உள்ளே வெள்ளி ரசம் இல்லை. குண்டு வெறும் கண்ணாடியாக நின்றது, மேலே மெல்லிய வண்ணக் கோடுகள் மட்டும். தகர மூடிக்குப் பதிலாக அட்டை மூடி. எந்த அட்டையும் எந்தக் கதையும் இல்லாமலேயே அந்தப் பொருள் தான் வந்த காலத்தைச் சொல்லிவிடுகிறது. ரசம் பூசிய போருக்குப் பிந்தைய குண்டுக்குச் சந்தை கொடுக்கும் இடம் எதுவாக இருந்தாலும், சான்றாக நிற்பது அட்டை மூடிதான்.

இதற்கு நேர்மாறாகச் சேகரிப்பதற்கென்றே செய்யப்படும் பொருள்கள் இருக்கின்றன. ஹால்மார்க் நிறுவனம் 1973இல் பதினெட்டுத் தொங்கல்களோடு தன் கீப்சேக் வரிசையைத் தொடங்கியது. ஆண்டு பொறித்தவை, ஒரு பருவத்துக்கு மட்டும் விற்பவை, தொடர்களாக வருபவை என்று அந்த வரிசை விரிந்தது. 1987இல் சேகரிப்பாளர் மன்றமும் வந்தது. 1991இல் வெளியான ஸ்டார் டிரெக் விண்கலத் தொங்கலுக்காக மக்கள் அலைந்தார்கள். வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கமும் 1981 முதல் ஆண்டுக்கு ஒன்று வெளியிடுகிறது. ஒவ்வொரு குடியரசுத் தலைவரையும் வரிசைப்படி நினைவூட்டும் அவற்றின் வருவாய் மாளிகையின் பாதுகாப்புப் பணிக்குப் போகிறது. இவற்றுக்கு உரிய நியாயத்தை மறுக்கக் கூடாது. பொருளில் ஆண்டு பொறிப்பது மிக நல்ல பழக்கம். குழந்தை பிறந்த ஆண்டு, வீடு மாறிய ஆண்டு என்று ஒரு குடும்பம் தன் நாட்குறிப்பை மரத்தில் மாட்டிவைக்க அது உதவுகிறது.

என் மறுப்பு வேறு இடத்தில். லவுஷாப் பறவை அரிதானது, ஏனென்றால் அது உடைந்தது, போர்கள் நடந்தன, ஊதியவர்கள் செத்தார்கள். தொடர் வெளியீட்டின் அருமை நிறுவனத்தின் அலுவலகத்தில் முடிவு செய்யப்படுவது. தொடரில் ஒன்று விட்டுப்போனதே என்ற மனக்குறையைத் தூண்டி அடுத்ததை விற்பது அதன் இயக்கம். அங்கே சேகரிப்பவர் தேடுவதில்லை, எதையும் கண்டறிவதுமில்லை. ஒரு சந்தாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார். குடும்ப நாட்குறிப்பாக வாங்குபவருக்கு இதில் இழப்பில்லை. பிற்காலத்தில் விலை ஏறும் என்று பெட்டி பிரிக்காமல் அடுக்குபவர் பொருளையும் இழக்கிறார், பெரும்பாலும் பணத்தையும் இழப்பார். எல்லோரும் பத்திரப்படுத்திய ஒன்று அரிதாவதற்கு வழியில்லை.

சேகரிப்புக்கு ஆதரவான வலுவான வாதத்தை இத்துறையின் இனிய முகத்தில் நான் காணவில்லை, கசப்பான முகத்தில் காண்கிறேன். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் வீடுகளின் மரங்களில் எறிகணைகளும் நீர்மூழ்கிக் கப்பல்களும் பேரரசர் கெய்சரின் தலையும் கண்ணாடியில் தொங்கின. நாஜி ஆட்சியில் ஸ்வஸ்திகா பொறித்த குண்டுகள் வந்தன. பெத்லகேம் நட்சத்திரத்தின் இடத்தில் சூரியச் சக்கரம் வைக்கச் சொன்னார்கள். கிறிஸ்துவின் பிறப்பைக் குளிர்காலச் சூரியத் திருநாளாக மாற்றும் முயற்சி அது. போர் முடிந்ததும் வீடுகள் அவற்றை உடைத்தோ புதைத்தோ மறந்துவிட விரும்பின. ரீட்டா பிராயர் என்ற ஜெர்மன் பெண்மணி பழைய சந்தைகளில் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். மகள் யூடித் பிராயரும் துணைநின்றார். 2009இல் கொலோன் நகரத்து நாஜி ஆவண மையம் அந்தச் சேகரிப்பைக் காட்சிக்கு வைத்தபோது, ஓர் அரசு ஒரு குடும்பத்தின் கூடத்துக்குள்ளும் பிள்ளையின் பண்டிகைக்குள்ளும் எப்படி நுழைந்தது என்பதைக் கண்ணாடிக் குண்டுகள் சொன்னன.

சோவியத் மரமும் இதற்கு இணையான பாடம். 1920களின் இறுதியில் ஒடுக்கப்பட்ட மரம், 1935 டிசம்பர் 28 அன்று பிராவ்தா நாளிதழில் கட்சித் தலைவர்களில் ஒருவரான பாவெல் போஸ்டிஷெவ் எழுதிய கடிதத்துக்குப் பிறகு புத்தாண்டு மரமாகத் திரும்பி வந்தது. உச்சியில் சிவப்பு நட்சத்திரம், கிளைகளில் வான்கப்பல்கள், சோளச் சாகுபடியைத் தூண்டிய குருஷேவ் காலத்தில் சோளக்கதிர்கள், பின்பு விண்வெளி வீரர்கள். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிளின் நகரத்தில் இவற்றுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு சோளக்கதிர்த் தொங்கலைக் கையில் எடுப்பவர் ஓர் ஆட்சியின் வேளாண் கொள்கையையே எடுக்கிறார். இப்படிப்பட்ட சேகரிப்பில் அழகுக்கு இரண்டாம் இடம். வீட்டார் மறைக்க விரும்பியதைச் சேகரிப்பாளர் காத்துத் தந்திருக்கிறார். மரபைக் காக்கிறோம் என்ற சொல் இங்கேதான் முழு எடையோடு நிற்கிறது. காப்பது பெருமைக்குரியதை மட்டும் என்று மரபு ஒருபோதும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு வரும், நேர்மையான மறுப்பு. எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் குண்டுகளை நாங்கள் நேசிப்பது அவை அம்மா மாட்டியவை என்பதால்தான். யார் ஊதினார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விசாரணை எங்களுக்கு எதற்கு? வீட்டுக்குள் இருக்கும்வரை இந்த மறுப்பு முழுமையாகச் செல்லும். அன்புக்கு ஆவணம் தேவையில்லை. ஆனால் அம்மாவின் காலத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி பழைய கண்ணாடியாகத் தெரிகிறது. வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் நாளில் ஒரு வியாபாரி அள்ளிக்கொண்டு போகிறார். எந்தக் குண்டு அம்மா சிறுமியாக இருந்தபோது வந்தது, எது கடைசி ஆண்டில் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. நினைவுக்காகவே சேர்த்த பெட்டி நினைவை இழந்த பெட்டியாகிவிடுகிறது. குறிப்பு எழுதுவது அன்புக்கு எதிரான வேலை இல்லை. அன்பு ஒரு தலைமுறையைத் தாண்ட அது ஒன்றே வழி.

வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய சிக்கல் இன்னொன்று உண்டு. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்த பிறகு கிழக்கு ஜெர்மனிப் பகுதியான லவுஷாவிலிருந்து குடும்பங்கள் சில எல்லை கடந்து பவேரியாவின் நொய்ஸ்டாட் பகுதிக்கு வந்தன. பழைய அச்சுகளும் அவர்களுடன் வந்தன. இன்றும் அந்தப் பழைய அச்சுகளில் புதிய குண்டுகள் ஊதப்படுகின்றன. இது கைவினைக்கு வாழ்வு, வயது கணிப்பவருக்குத் தலைவலி. நூறாண்டு அச்சில் வந்தது என்பதும் நூறாண்டுப் பழைய குண்டு என்பதும் வேறுவேறு. மூடி, ரசத்தின் கருமை, சாயத்தின் தேய்வு ஆகியவற்றைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் நம்பி விலை கொடுக்கக் கூடாது. பழைய குண்டைத் தண்ணீரில் கழுவவும் கூடாது. மேற்சாயம் தண்ணீரோடு போய்விடும். உலர்ந்த மென்தூரிகையே போதும். வெக்கை ஏறும் பரணிலும் ஈரம் ஊறும் அறையிலும் வைக்காமல், அமிலமற்ற தாளில் சுற்றி, தனித்தனி அறைகள் உள்ள பெட்டியில் வைக்க வேண்டும்.

பழையதைச் சேர்ப்பது செய்தவருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஏலத்தில் எவ்வளவு போனாலும் அது கைமாறுபவர்களுக்கே. 1980களின் நடுவில் நியூயார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டஃபர் ராட்கோவின் வீட்டு மரம் தாங்கி உடைந்து சாய்ந்ததில் குடும்பத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய குண்டுகள் நொறுங்கின. ஈடு தேடி அவர் போலந்துக்குப் போய், ஊதத் தெரிந்தவர்களைக் கண்டுபிடித்து, பழைய வடிவங்களை மீண்டும் செய்யவைத்தார். அது பெருவணிகமாக வளர்ந்தது. வணிகம்தான், ஆனால் பட்டறைகளில் சுடர் எரிந்தது. செக் நாட்டின் போனிக்லா கிராமத்தில் ஊதிய கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்து நட்சத்திரமும் மிதிவண்டியும் செய்யும் கைத்தொழிலை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. லவுஷாவின் வாயால் ஊதும் தொழில் 2021இல் ஜெர்மனியின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியல் மதிப்பைத் தரும், அடுப்பு எரிக்காது. ஆண்டுதோறும் ஆலைகளின் பிளாஸ்டிக் குண்டுகள் கடைகளில் மலைபோலக் குவியும் காலத்தில், ஊதத் தெரிந்தவரின் பிள்ளை அதே சுடரின் முன் உட்காருவாரா என்பதை வாங்குபவர்தான் தீர்மானிக்கிறார்.

ஆகவே என் தீர்ப்பு இது. அட்டைக்கதையை நம்பிச் சேர்ப்பதும் தொடரை நிரப்புவதற்காகச் சேர்ப்பதும் வாங்கும் பழக்கம். அதில் குற்றமில்லை, ஆனால் அதை மரபுக்காவல் என்று அழைக்க உரிமை இல்லை. செய்த ஊர், ஊதிய முறை, ஏறத்தாழ ஆண்டு, தொங்கிய வீடு ஆகியவற்றைத் தேடி எழுதிவைத்துச் சேர்ப்பவர், அவர் சேர்ப்பது ஐந்து காசுக் குண்டாக இருந்தாலும், மரபைக் காக்கிறார். கையில் இருப்பது பிடிக்காத வரலாறு என்று தெரிந்தும் உடைக்காமல் வைத்திருப்பவர் இன்னும் ஒருபடி மேலே. உயிரோடு இருக்கும் ஊதுபவரிடம் அல்லது தீட்டுபவரிடம் ஆண்டுக்கு ஒன்றாவது வாங்காத சேகரிப்பு, எவ்வளவு பெரியதானாலும், குறைபட்டது.

நம் நாட்டிலும் இதைச் செயலில் காட்ட வழியிருக்கிறது. ஸ்ரீநகரில் காகிதக்கூழ்க் கலைஞர்கள், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர், கிறிஸ்துமஸ் குண்டுகளையும் மணிகளையும் நட்சத்திரங்களையும் கையால் வார்த்து, சினார் இலையும் மீன்கொத்தியும் தீட்டி ஏற்றுமதி செய்கிறார்கள். இந்த டிசம்பரில் உங்கள் மரத்துக்கோ சவுக்குக் கிளைக்கோ அவற்றில் ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது தீட்டியவரின் பெயரைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தெரிந்தால் அந்தப் பெயரையும் ஆண்டையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் குண்டோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.